வெறும் கோப்பை

ஹியூபேட்: ...அந்தப் பிள்ளை எழும்பி நிண்டு கேக்குது, “சேர், இயேசு வனாந்தரத்தில நோன்பு முடிச்ச உடனே முதல்ல என்ன சாப்பிட்டவர்?” எண்டு.

புவாத்: ஹா! புள்ள சரியாத்தான் கேட்டீக்கி. நீ என்ன சென்ன?

ஹியூபேட்: என்னத்தைச் சொல்லுறது? மறைக்கல்விப் புத்தகத்தில அது இல்லையே. “இரு பிள்ளை, முதல்ல இண்டையான் பாடத்தை முடிப்பம்” எண்டன்.

புவாத்: இண்டக்கி என்ன பாடம்?

ஹியூபேட்: தன்னடக்கம்.

புவாத்: நீயா படிப்பிச்ச?

ஹியூபேட்: ஏன், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்ர தானே. தூய ஆவியின்ர கனிகள் எண்டு ஒன்பது இருக்கு. அன்பு, மகிழ்ச்சி எண்டு பிள்ளையள் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு வரும். கடைசிக் கனி வரேக்க எல்லாற்ற வாயும் அடைச்சுப்போகும்.

புவாத்: கடைசில வெச்சா மறக்கத்தான் செய்யும் மச்சான்.

புளோறன்ஸ்: பிள்ளையளுக்கு மட்டுமோ மறக்கிறது?

ஹியூபேட்: பாத்தியா, ஆள் குசினிக்குள்ள. காது இஞ்ச.

புளோறன்ஸ்: புவாத் நானா, நல்ல நேரத்தில வந்திருக்கிறியள். நோன்போட இருக்கிற மனுசனுக்கு ஒரு தேத்தண்ணி தரவும் வழியில்லை. இந்தக் கதையையாவது கேளுங்கோ. கிளினிக்கில என்ன சொன்னவை எண்டு இவரிட்டக் கேளுங்கோ.

ஹியூபேட்: ஒண்டுமில்லை மச்சான். வழமையாச் சொல்லுறதுதான்.

புளோறன்ஸ்: வழமையாவோ? கால் பெருவிரலில அந்தப் புண் காயுறதாத் தெரியேல்லை. ரத்தத்தில சீனி ஏறிக்கொண்டு போகுது. அடுத்த கிளினிக்குக்கும் இப்பிடியே வந்தா விரலை எடுக்கத்தான் வேணும் எண்டிட்டார் டொக்டர்.

புவாத்: யா அல்லா... வெரலயா?

ஹியூபேட்: ஒரு விரல்தானே. மிச்சம் ஒன்பது கிடக்கு.

புளோறன்ஸ்: வாயை மூடுங்கோ! பகிடி விடுற விசயமே? ஈஸ்டர் முடிஞ்ச கையோட இமெல்டாவுக்குக் கலியாணம். தகப்பன்தானே கையில பிடிச்சு பீடத்தடி மட்டும் கூட்டிக்கொண்டு போகவேணும். பிள்ளை தன்ர சம்பளத்தில வாங்கிக் குடுத்த சப்பாத்து பெட்டியோட அலுமாரிக்கு மேல கிடக்கு.

ஹியூபேட்: பாட்டா செருப்போட நடக்கிறன்.

புளோறன்ஸ்: கோட்டும் போட்டு, பாட்டாவும் போட்டோ?

புவாத்: போட்டோக்காரன் மேலால மட்டும் புடிப்பான் தங்கச்சி.

புளோறன்ஸ்: நீங்களும் சேர்ந்திட்டியளோ நானா?

புவாத்: இல்ல இல்ல. செல்லுங்க. சீனி எப்படி ஏறுற? இவன் ஒண்டும் தின்றல்லயே.

புளோறன்ஸ்: அதுதான் என்ர கேள்வியும்! இந்த வருசம் உங்கட நோன்பும் எங்கட தபசுகாலமும் ஒண்டா வந்திருக்கு. திருநீற்றுப் புதன் அண்டே சீனிப் போத்தலைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டன். நானும் வெறுந் தேத்தண்ணிதான். வீட்டில கல்கண்டு ஒரு துண்டு இல்லை, பிஸ்கட் இல்லை.

புவாத்: கடப்பக்கம் போறானோ தெரியா.

புளோறன்ஸ்: இந்தக் காலோட எங்க படி இறங்குறது? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனா நான் பக்கத்தில. மற்றபடி கொரிடோரைத் தாண்டுறேல்லை. பின்னேரத்தில உங்கட குசினி யன்னலடிக்குப் போறதோட சரி. கடலைக் கோப்பையை எடுத்துக்கொண்டு வர.

ஹியூபேட்: மழை வரும் போல கிடக்கு, என்ன புவாத்?

புவாத்: மழயா? இந்த வெயிலுக்கா?

புளோறன்ஸ்: நானா, கோப்பை எண்ட உடனதான் ஞாபகம் வருது. ஒண்டு கேட்டாக் கோவிக்க மாட்டியளே?

புவாத்: கேளுங்க தங்கச்சி.

புளோறன்ஸ்: ரபீக்காவுக்கு என்னோட ஏதும் மனத்தாங்கலோ?

புவாத்: ரபீக்காவுக்கா! உங்கள செல்லாம அவ ஒரு கறி ஆக்குறல்ல. “புளோறன்ஸ் இப்படித்தான் தாளிக்கிற” எண்டு. ஏன்?

புளோறன்ஸ்: எத்தினை வருசமா நான் நோன்பு திறக்கக் கடலை அவிச்சு அனுப்புறன். ஒருநாளும் கோப்பை வெறுமனே திரும்பினதில்லை. ரபீக்கா ஒரு கை சீனியாவது போட்டுத்தான் வைப்பா. அது எங்கட இரண்டு வீட்டுப் பழக்கம். இந்த முறை... கழுவித் துடைச்ச வெறும் கோப்பை. நாள்தோறும்.

ஹியூபேட்: புளோறன்ஸ், அடுப்பில ஏதோ கருகுது.

புளோறன்ஸ்: அடுப்பை அப்பவே நிப்பாட்டிட்டன். நான் சீனிக்காகச் சொல்லேல்லை நானா. வந்தாலும் உள்ளுக்கு எடுக்கமாட்டன். ஒரு கறிவேப்பிலை நெட்டு எண்டாலும் கிடந்திருக்கலாம். அந்த மனம்... அதைத்தான் யோசிக்கிறன்.

புவாத்: கொஞ்சம் இரிங்க. வெறும் கோப்பயா? என்ன செல்றீங்க? யன்னல் கட்டுலதானே எங்கட சீனிப் போத்தலே ஈக்கி. அதுல இருந்து ரபீக்கா அள்ளி...

ஹியூபேட்: மச்சான்.

புவாத்: ...நான் கண்ணால காங்கிற...

ஹியூபேட்: புவாத். மச்சான்.

புளோறன்ஸ்: என்ன நானா, பாதியில நிண்டிட்டியள்?

புவாத்: இல்ல... இப்பதான் வெளங்குது. நோம்புக் களைப்பு. ரபீக்காவுக்கு இப்ப எல்லாம் மறந்து போற தங்கச்சி. அள்ளத்தான் நெனப்பா. பாங்கு செல்லுப்பட்டா அப்படியே வெச்சுட்டுத் தொழப் போயிருவா.

புளோறன்ஸ்: ஐயோ, அவ்வளவுதானே? நான்தான் வீணா மனதில வைச்சுக்கொண்டு இருந்தனான். அவவிட்டச் சொல்லிப்போடாதேங்கோ. இருங்கோ, கடலையைப் போட்டுத் தாறன்.

புவாத்: போடுங்க, போடுங்க...

ஹியூபேட்: குசினிக்குள்ள போயிட்டாளோ?

புவாத்: போயிட்டா. இப்ப செல்லு. எங்க வெச்சுத் தின்ற?

ஹியூபேட்: மெதுவாக் கதை.

புவாத்: எங்க வெச்சு?

ஹியூபேட்: பைப்படியில. கொரிடோர் முடக்கில. நக்கிப்போட்டு அங்கேயே கழுவிப்போடுவன்.

புவாத்: இவளவு பெரிய மனுசன்! பேரப்புள்ள காங்கிற வயசுல கோப்ப நக்குற!

ஹியூபேட்: போத்தலைத் தொடேல்லை மச்சான். சத்தியமாத் தொடேல்லை. அது உங்கட பொருள். கோப்பையில கிடக்கிறது எங்களுக்கு வந்தது தானே எண்டு...

புவாத்: நல்ல சட்டம் கண்டுபுடிச்சீக்க.

ஹியூபேட்: நாள் முழுக்க அடக்குறன். காலமை வெறுந் தேத்தண்ணி. இமெல்டாவின்ர ஒஃபிஸில இருந்து கேக் வந்தது, மணந்தும் பாக்கேல்லை. ஆனா உன்ர யன்னலுக்கும் என்ர கதவுக்கும் நடுவில நான் வேற ஆள் மச்சான். ஒருத்தரும் பாக்காத அந்தக் கொஞ்ச இடத்தில...

புவாத்: புள்ளைகளுக்குக் கனி படிப்பிக்கிற சேர்.

ஹியூபேட்: சொல்லாதை.

புவாத்: தங்கச்சிட்ட செல்லீரு.

ஹியூபேட்: எப்பிடிச் சொல்லுறது? அவளுக்கு என்ன வருத்தம்? ஒண்டுமில்லை. எனக்காகத்தான் அவளும் சீனியை விட்டவள். மூண்டு கரண்டி போட்டுக் குடிச்ச மனுசி. இதைக் கேட்டாள் எண்டா உடைஞ்சு போவாள்.

புவாத்: அப்ப ரபீக்காட்ட செல்றேன். சீனி வைக்க வாணாம் எண்டு.

ஹியூபேட்: ஏன் எண்டு கேப்பா. பிறகு இரண்டு குசினிக்கும் தெரிஞ்சிடும். வேண்டாம். நான் அடக்குவன்.

புவாத்: நேத்தும் அப்படித்தானே நெனச்சீப்ப?

ஹியூபேட்: முந்தநாளும்.

புவாத்: இன்னா பாரு ஹியூபேட். நோம்பு வாயோட ஒனக்காக ஒரு பொய் சென்ன. அதுவும் ஊட்டுல ஈக்கிறவட பேர்ல. அவளுக்கு மறதியாம்! என்ட கலியாண நாள மறக்காம முப்பது வருசமா என்ன வதைக்கிறவளுக்கு!

ஹியூபேட்: தெரியும் மச்சான். அந்தக் கடன் என்ர தலையில.

புவாத்: கடன் இல்ல. வெரல நெனச்சுக்க. அது போதும்.

புளோறன்ஸ்: இந்தாங்கோ நானா. சூடு, துணியோட பிடியுங்கோ. தேங்காய்ச்சொட்டுக் கொஞ்சம் கூடவே போட்டிருக்கிறன். கோப்பையை இவர் வந்து எடுப்பார்.

புவாத்: வரட்டும் தங்கச்சி. கட்டாயம் வரட்டும்.

*

ஹியூபேட்: த்தூ! த்தூ!

புளோறன்ஸ்: இஞ்சேருங்கோ! என்ன சத்தம் பைப்படியில?

ஹியூபேட்: ஒண்டுமில்லை... ஒரு பூச்சி.

புளோறன்ஸ்: எங்க?

ஹியூபேட்: வாய்க்குள்ள.

புளோறன்ஸ்: கோப்பை எடுக்கப் போன மனுசன் வாயை ஏன் திறந்தனீங்கள்?

ஹியூபேட்: கொட்டாவி.

புளோறன்ஸ்: தண்ணி தரட்டோ?

ஹியூபேட்: தா. செம்போட தா.

புவாத்: என்ன மச்சான், யன்னலால சத்தம் கேக்குது? சுகம்தானே?

ஹியூபேட்: நல்ல சுகம் மச்சான். உங்கட வீட்டில ஆரும் கடலுக்குக் கிட்டப் போய் வந்தவையோ?

புவாத்: ஏன் கேக்குற?

ஹியூபேட்: சும்மா. காத்து உப்பா இருக்கு.

*

புளோறன்ஸ்: நானா! புவாத் நானா! கதவைத் திறவுங்கோ!

புவாத்: என்ன தங்கச்சி? கிளினிக்கால வந்தாச்சா? மொகத்தப் பாத்தா...

புளோறன்ஸ்: விரல் தப்பிட்டுது நானா!

புவாத்: அல்ஹம்துலில்லாஹ்!

ஹியூபேட்: மெதுவாச் சொல்லு. கீழ் வீட்டுக்காரர் எனக்குப் பிள்ளை பிறந்திட்டுது எண்டு நினைக்கப் போயினம்.

புளோறன்ஸ்: நினைக்கட்டும்! புண் காய்ஞ்சு தோல் மூடி வருது நானா. சீனி நல்லா இறங்கிட்டுது. டொக்டர் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, “இது உங்கட தானோ?” எண்டு கேட்டவர்.

புவாத்: நீ என்ன சென்ன?

ஹியூபேட்: “பேர் சரியெண்டா ஆளும் சரிதான் டொக்டர்” எண்டன்.

புளோறன்ஸ்: வந்த உடன சப்பாத்தைப் போட்டுப் பாத்தாச்சு. கொஞ்சம் இறுக்கம். ஆனா காலுக்குள்ள போயிட்டுது. இமெல்டா அழுறாள், சிரிக்கிறாள், இரண்டும் ஒண்டா.

புவாத்: வெள்ள சொக்ஸா, கறுப்பா?

புளோறன்ஸ்: உங்களுக்கு எப்பவும் பகிடிதான். நானா, ரபீக்கா உள்ளுக்கோ? அவவுக்கு நான் நன்றி சொல்லவேணும்.

புவாத்: அவ அவட தங்கச்சி ஊட்டுக்கு, மருதானைக்குப் போன. எதுக்கு நன்றி?

புளோறன்ஸ்: எதுக்கோ? அண்டைக்கு நான் வாயை விட்டனான். அடுத்த நாளே கோப்பையில மூண்டு தேசிக்காய்! பச்சைப் பசேலெண்டு.

புவாத்: தேசிக்காயா?

ஹியூபேட்: மழை வரும் போல கிடக்கு.

புளோறன்ஸ்: பிறகு ஒருநாள் கறிவேப்பிலை. ஒருநாள் பிஞ்சுப் பாவற்காய் இரண்டு, இவருக்கு நல்லமெண்டு யோசிச்சு. நோன்பு முடியுமட்டும் ஒருநாள் கோப்பை வெறுமனே வரேல்லை. சீனிக்குப் பதிலா இப்பிடி ஒண்டை யோசிக்க ஆருக்கு மனம் வரும்? நீங்கள் சொல்லிப்போட்டியள் எண்டு எனக்கு விளங்கிட்டுது.

புவாத்: ஆ... ஓம். ஓம், தேசிக்காய். சென்ன, சென்ன. ஒரு சொட்டு ஞாபகப்படுத்தின.

புளோறன்ஸ்: பெருநாளண்டு கருப்பட்டி போட்ட வட்டிலப்பம் தந்தனீங்கள் பாருங்கோ. அந்த நேரம் பாத்துத்தானே கரண்ட் போயிட்டுது. கொரிடோர் கும்மிருட்டு. இவர் கையில வட்டிலப்பம். நான் கதவடியில நிண்டு அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டு நிண்டனான்.

ஹியூபேட்: ஏன், நான் விழுந்திடுவன் எண்டோ?

புளோறன்ஸ்: ஓம், நீங்கள் விழுந்திடுவியள் எண்டுதான். வேற என்ன?

ஹியூபேட்: விழேல்லைத்தானே.

புளோறன்ஸ்: மெழுகுதிரியைக் கொளுத்திப் பாத்தன் நானா. மேல பதிச்ச கஜுக்கொட்டை எல்லாம் வைச்ச இடத்தில. விரல் பட்ட அடையாளம் ஒண்டும் இல்லை. கண்ணாடி மாதிரி. கீழ் வீட்டுப் பிள்ளையளுக்குக் குடுத்திட்டு நாங்கள் இரண்டு பேரும் வெறுந் தேத்தண்ணி குடிச்சனாங்கள். அண்டையான் தேத்தண்ணி நல்லாத்தான் இருந்தது.

புவாத்: எங்கட ஊட்டுலயும் ஒரு புதினம் தங்கச்சி. செல்லவே மறந்து போன. சீனிப் போத்தல் கொறயவே இல்ல!

புளோறன்ஸ்: என்னெண்டு?

புவாத்: ஒவ்வொரு நாளும் அதுல இருந்துதான் தேத்தண்ணி, கஞ்சிக்கும் அதுல இருந்துதான். முடியப் போவுது, கடைக்குப் போவணும் எண்டு ரபீக்கா செல்லுவா. அடுத்த நாள் பாத்தா இன்னும் ஈக்கி. ரமழான்ட பரக்கத்து, அல்லாஹ்ட அருள் எண்டு செல்லி அவ அந்தப் போத்தல வேற ஒத்தருக்கும் தொடக் குடுக்கிறல்ல. தங்கச்சி ஊட்டுக்கும் அந்தக் கததான் செல்லப் போயீக்கி.

புளோறன்ஸ்: ஏன் இருக்காது நானா? குடுக்கிற கைக்குக் கடவுள் குறைய விடமாட்டார். சரி, நான் போய்த் தேத்தண்ணி ஊத்துறன். இப்பவாவது எங்கட வீட்டில ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. சீனி மட்டும் கேக்கப்படாது.

புவாத்: நான் ஏன் கேக்குறேன்? ஊத்துங்க.

ஹியூபேட்: இரு மச்சான். கதிரையை இஞ்சால இழு.

புவாத்: தேசிக்காய் எங்கால?

ஹியூபேட்: தேத்தண்ணி வரட்டும்.

புவாத்: தேத்தண்ணி வந்தா தங்கச்சியும் வருவா. எங்கால?

ஹியூபேட்: கீழ ஒரு மரக்கறி வண்டில் வரும். புளோறன்ஸ் சிலுவைப்பாதைக்குப் போற நேரம் கூடையைக் கயித்தில இறக்கி, “மல்லி, தெஹி துனக்” எண்டு, தம்பி மூண்டு தேசிக்காய் எண்டு சிங்களத்தில கேட்டா, போட்டு விடுவான். பைப்படியில ஒளிச்சு வைச்சிட்டு, கோப்பையில போட்டு ரபீக்கா தந்தவ எண்டு குடுத்தன். அவவின்ர பேர் என்னாலதானே கெட்டது.

புவாத்: கள்ளன்.

ஹியூபேட்: கள்ளன்தான்.

புவாத்: அந்தப் புள்ளைக்கு மறுமொழி சென்னியா? இயேசு என்ன சாப்பிட்ட எண்டு?

ஹியூபேட்: போன ஞாயிறு சொன்னன். சோதனை முடிய வானதூதர், சம்மனசுகள் வந்து அவருக்குப் பணிவிடை செய்தவை எண்டு வேதத்தில இருக்கு. என்ன குடுத்தவை எண்டு இல்லை. “அது எனக்கும் தெரியாது பிள்ளை. ஆனா அவர் தனிய இருக்கேல்லை, பாத்தியா” எண்டன்.

புவாத்: புள்ள சரி எண்டிச்சா?

ஹியூபேட்: எங்க? “அப்ப சம்மனசுக்குச் சமைக்கத் தெரியுமோ சேர்?” எண்டுது.

புவாத்: தெரியுமா?

ஹியூபேட்: தெரியும். சீனிக்கும் உப்புக்கும் மட்டும் வித்தியாசம் தெரியாது எண்டன்.

புவாத்: ஹாஹா! அதுக்கு நீ என்ன மன்னிக்கணும் மச்சான். ஒத்தன் ஆசயா வாய் வைக்கிற கோப்பயில உப்பு வெச்சது எனக்கே பொறுக்கல்ல. அதால தான் ஒரே ஒரு நாளோட உட்ட.

ஹியூபேட்: தெரியும்.

புவாத்: என்ன தெரியும்?

ஹியூபேட்: அடுத்த நாளில இருந்து சீனிதான் எண்டு தெரியும். நுனி விரலில தொட்டுப் பாத்தனான். ஒருக்கா மட்டும்.

புவாத்: இரு... அப்ப நோம்பு முடியுமட்டும் நாளுக்கு ஒரு கை சீனி ஒன்ட கையில. பைப்படி. ஒத்தரும் இல்ல. நான் அந்நேரம் தொழுகைக்குப் பள்ளியில.

ஹியூபேட்: ஓம்.

புவாத்: நீ தின்னல்ல.

ஹியூபேட்: பேப்பரில சீனி இறங்கியிருக்கு. டொக்டரே நம்பிட்டார். நீ நம்பமாட்டியோ?

புவாத்: நான் இவளவு நாளும் உப்புப் பயத்துல நீ கோப்பயப் பாக்கிறல்ல எண்டு நெனச்சேன்.

ஹியூபேட்: முதல் நாள் பைப்படி மட்டும் கொண்டு போனனான். நீ நோன்பு வாயோட சொன்ன பொய்யை நினைச்சன். பிறகு புளோறன்ஸின்ர தேத்தண்ணியை நினைச்சன். பிறகு... ஒண்டும் நினைக்காமலே நடக்கப் பழகிட்டுது.

புவாத்: அந்தச் சீனி எல்லாம் எங்க? பைப்புல ஊத்தினியா?

ஹியூபேட்: சாப்பாட்டுச் சாமானை ஆரும் ஊத்துவினமோ?

புவாத்: எறும்புக்கா?

ஹியூபேட்: இல்லை.

புவாத்: பின்ன? கோப்பய எடுக்கிறது எங்கட யன்னல் கட்டுல. போத்தல் ஈக்கிறதும்... ஹியூபேட்.

ஹியூபேட்: மழை வரும் போல கிடக்கு, என்ன?

புவாத்: ஹியூபேட்! அப்ப ரபீக்கா மருதானைக்குக் கொண்டு போயீக்கிற அந்த பரக்கத்து?

ஹியூபேட்: சொல்லிப்போடாதை மச்சான். அது பரக்கத்தாகவே இருக்கட்டும்.